பழைய கான்ஃபிக், புதிய கெர்னல்

லினக்ஸ் கெர்னலை மாற்றும்போது பழைய அமைப்புகளைக் கூடவே எடுத்துக்கொண்டு போவதா, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதா? நான் எடுத்துக்கொண்டு போகிற கட்சி. ஆனால் எடுத்துப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வருகிற கேள்விகளுக்கெல்லாம் என்டர் கீயைத் தட்டிக்கொண்டே போவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சூடு குறையவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இந்தத் துறை பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுகிற மையப் பகுதிதான் கெர்னல். அதை நாமே கம்பைல் செய்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை நாமே முடிவு செய்யலாம். அந்த முடிவுகளெல்லாம் 'டாட் கான்ஃபிக்' என்கிற ஒரே ஃபைலில் வரிவரியாக உட்கார்ந்திருக்கும். 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே இருக்கட்டும், 'எம்' என்றால் தனி மாட்யூலாக இருக்கட்டும், 'நாட் செட்' என்றால் வேண்டாம். மொத்தக் கேள்விகள் பத்தாயிரத்தைத் தாண்டும். அத்தனைக்கும் உட்கார்ந்து பதில் சொல்ல யாருக்கு ஆயுள் இருக்கிறது? அதனால்தான் பழைய ஃபைலைப் புதிய சோர்ஸுக்குள் காப்பி செய்துவிட்டு 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' என்று கொடுக்கிறோம். ஏற்கெனவே பதில் சொன்னதை விட்டுவிட்டு, புதிதாக வந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு, 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்'. அவன் எதையுமே கேட்க மாட்டான். புதிய கேள்விகளுக்கெல்லாம் கெர்னல்காரர்கள் வைத்திருக்கும் டிஃபால்ட் பதிலைத் தானே போட்டுக்கொண்டு போய்விடுவான். முன்பு இவன் பெயர் 'ஓல்ட்நோகான்ஃபிக்'. பெயரைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 'நோ' சொல்வான் போலிருக்கும். செய்தது என்னவோ டிஃபால்ட்டைப் போட்டதுதான். பிறகு பெயரை மாற்றினார்கள். நல்ல காரியம்.

என் மாப்பிள்ளை இந்தத் தம்பியின் பரம ரசிகர்.

"இருநூறு கேள்விக்கு யாரு மாமா பதில் சொல்றது? ஓல்ட்டெஃப்கான்ஃபிக் போட்டுட்டு நீங்க பாட்டுக்குக் காபி குடிங்க. டிஃபால்ட் வெச்சவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

"அவங்களுக்குக் கெர்னலைத் தெரியும் மாப்பிள்ளை. என் மெஷினைத் தெரியாதே!"

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதுவரை எப்போதும் கூடவே வந்துகொண்டிருந்த ஒன்றுக்குப் புதிதாக ஒரு கேள்வி வைத்தால் டிஃபால்ட் 'ஒய்' ஆக இருக்க வேண்டும் என்று கெர்னல் ஆவணத்திலேயே வழிகாட்டுதல் உண்டு. பழைய நடப்பு கெடக்கூடாது என்கிற அக்கறைதான். பெரும்பாலான நாள் டிஃபால்ட் பிழைக்க வைத்துவிடும். எனக்குக் கவலை அந்த மீதி நாளைப் பற்றி.

2006 நவம்பரில் 2.6.19 வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அதுவரை சாட்டா டிஸ்க்குகளுக்கான டிரைவர்கள் ஸ்கஸி பிரிவுக்குள் குடியிருந்தன. அந்த வெளியீட்டில் அவற்றுக்கு 'ஏட்டா' என்று தனி வீடு கொடுத்தார்கள். வீடு மாறியதோடு நிற்கவில்லை. அமைப்புகளின் பெயரில் இருந்த 'ஸ்கஸி' என்கிற முன்னொட்டும் போயிற்று. பழைய ஃபைலில் பழைய பெயர் இருக்கிறது, புதிய கெர்னலுக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. தெரியாத பெயரை அது தள்ளிவிடும். பதிலுக்கு 'ஏட்டா வேண்டுமா?' என்று ஒரு புதிய கேள்வி வரும். என்டர் தட்டினால் 'நோ'. அதோடு கதை முடிந்தது. கம்பைல் ஆகும், இன்ஸ்டால் ஆகும், ரீபூட் செய்தால் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக் அடித்துத் திரை அப்படியே நிற்கும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, அதோடு பேசத்தான் ஆள் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கேள்வி கேட்கப்பட்டது என்பதுதான். நூறு கேள்விக்கு நடுவே, ஒரே ஒரு வரியாக. படித்தவர் தப்பினார்.

பெயர் மாறுவது அந்தக் காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2018 தொடக்கத்தில் மெல்ட்டவுன் ஓட்டை வெளியே தெரிந்தபோது அதை அடைக்க 'பேஜ் டேபிள் ஐசொலேஷன்' என்று ஓர் அமைப்பு வந்தது. 2024-இல் 6.9 கெர்னலில் இந்த மாதிரி அமைப்புகளின் பெயருக்கு முன்னால் 'மிட்டிகேஷன்' என்று சேர்த்தார்கள். வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒரு மெஷினில் வேகத்துக்காக யோசித்து 'வேண்டாம்' என்று போட்டிருந்தவரின் முடிவு அங்கே கரைந்துபோய், மறுபடி 'ஒய்' ஆகிவிடும். இந்த முறை பாதுகாப்பான பக்கம் சாய்ந்தது, சரி. ஆனாலும் அது அவர் எடுத்த முடிவு இல்லையே.

நேர்மாறான தொல்லையும் உண்டு. டெபியன், உபுண்டு போன்றவை தரும் கான்ஃபிக்கை அப்படியே எடுத்து கெர்னல் ஆர்க் தளத்தின் சோர்ஸில் போட்டால், பாதி கம்பைலில் ஏதோ சான்றிதழ் ஃபைல் இல்லை என்று நின்றுவிடும். அவர்கள் வீட்டுச் சாவியின் பாதை அந்த ஃபைலுக்குள் எழுதியிருக்கிறது, நம் வீட்டில் அந்தச் சாவி கிடையாது. 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்கிற வரியைக் காலியாக்கினால் வேலை நடக்கும். அடுத்தவர் கான்ஃபிக்கை எடுத்து வந்தால் அவர்கள் கடனும் கூடவே வரும்.

முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய கார்டுக்காக நாங்களே கெர்னல் கம்பைல் செய்து வந்தோம். நான் ஓய்வு பெற்ற பிறகு புதிய பிள்ளைகள், பழைய ஃபைல் ஒரே குப்பை என்று ஓரமாக வைத்துவிட்டு 'டெஃப்கான்ஃபிக்'கிலிருந்து தொடங்கினார்கள். மெஷின் அருமையாக பூட் ஆனது. காலை பத்து மணிக்குக் கவுண்டரில் ரசீது அடிக்கவில்லை. அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டில் தொங்குவது, அதற்கு 'பார்போர்ட்' வேண்டும், 'பிரிண்டர்' வேண்டும். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு அது நினைவு வரும்? பென்ஷன் விஷயமாக வந்திருந்த வயதானவர்கள் மத்தியானம் வரை வரிசையில் நின்றார்கள், கையால் ரசீது எழுதினார்கள். எனக்குப் போன் வந்தது. பீரோ சாவியோடு சேர்த்து நான் ஒப்படைத்திருந்த நோட்டைப் பாருங்கள் என்றேன். அதில் இருந்தது.

நோட்டு எதற்கு, அந்த ஃபைலுக்குள்ளேயே குறிப்பு எழுதக்கூடாதா என்று கேட்கலாம். எழுதலாம், தங்காது. அடுத்த முறை 'மேக்' ஓடும்போது ஃபைல் புதிதாக எழுதப்படும், நம் குறிப்பு போய்விடும். தானாக உருவான ஃபைல், கை வைக்காதே என்று முதல் வரிகளிலேயே ஆங்கிலத்தில் மிரட்டியும் இருக்கும். ஆக பதில்கள் வருடக்கணக்காக ஒரு கெர்னலிலிருந்து அடுத்த கெர்னலுக்குப் போகும். ஏன் அப்படிப் பதில் சொன்னோம் என்பது ஒரு தடவைகூட போகாது. பதினைந்து வருடப் பழைய கான்ஃபிக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரியை எடுக்கவும் பயந்து, விடவும் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓல்ட்டெஃப்கான்ஃபிக் போடுவதற்கு முன்னால் 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' போடுங்கள். புதிதாக வந்தவை மட்டும் பட்டியலாக வரும், காலைப் பேப்பர் மாதிரி ஒரு பார்வை பாருங்கள். டிஸ்க், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், பாதுகாப்பு என்று கண்ணில் பட்டால் மட்டும் நின்று ஹெல்ப்பைப் படியுங்கள். மற்றதற்கு டிஃபால்ட்டே இருக்கட்டும். முடிந்ததும் சோர்ஸுக்குள்ளேயே இருக்கும் 'டிஃப்கான்ஃபிக்' ஸ்கிரிப்டால் பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். கேள்வியே கேட்காமல் காணாமல் போனது அங்கேதான் தெரியும். மொத்தம் அரை மணி நேரம், காபியும் குடிக்கலாம்.

பழைய கெர்னலை மட்டும் ஒரு வாரத்துக்கு க்ரப் மெனுவிலிருந்து தூக்கிவிடாதீர்கள்.