அப்பத்தா ஏற முடியாத ஜீப்

இந்தப் பொங்கலுக்கு போடிக்குப் போயிருந்தேன். பெரியப்பா வீட்டு வாசலில் அண்ணனின் தார் நின்றது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் முன்பே பார்த்த வண்டிதான், ஆனால் அடையாளமே தெரியவில்லை. மூன்று இஞ்ச் லிஃப்ட், நாலு பக்கமும் 33 இஞ்ச் டயர், கதவைத் திறந்தால் சீட்டு என் நெஞ்சுக்கு வருகிறது.

"எப்படிடா இருக்கு?" என்றார் அண்ணன்.

"சூப்பரா இருக்குண்ணே" என்றேன். முழுப் பொய் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் பொங்கல் வைக்க எல்லோரும் கிளம்பினோம். அப்பத்தா வந்தார், வண்டியைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை. உள்ளேயிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம். "ஏன்டா, இது வண்டியா, பரணா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், அண்ணனும்தான்.

இறங்கும்போது யாரும் சிரிக்கவில்லை. போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அண்ணன் வழக்கமான இடத்தில்தான் பிரேக் மிதித்தார். வண்டி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. அகலமாகப் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அப்பத்தா முன் கம்பியைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தபிறகு, இனிமேல் மலைக்கு பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே எழுத நினைத்த பதிவு இது. நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். பெரிய நிபுணன் இல்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். அதைக்கூடப் போடாமல் லட்ச ரூபாயைக் கொட்டுகிறோம் என்பதுதான் என் கோபம்.

நான் சொல்லவருவது ஒன்றுதான். முதலில் என்ன வேலைக்கு வண்டி என்று பார்க்க வேண்டும், அப்புறம் டயர், கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டுமே, லிஃப்ட். இன்று பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லிஃப்ட் போட்டுவிட்டு, சக்கரம் சின்னதாகத் தெரிகிறதே என்று டயர் வாங்குகிறார்கள். வேலையைப் பற்றி யோசிப்பதே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

2020-ல் வந்த மூன்று கதவுத் தாரில் 18 இஞ்ச் வீல் உள்ள வண்டிக்குக் கம்பெனி டயர் 255/65 ஆர்18. இதன் பொருள்: அகலம் 255 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது 166 மி.மீ. நடுவில் 18 இஞ்ச் வீல், அது 457 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர், நடுவில் வீல், கூட்டினால் 789 மி.மீ. இஞ்சில் சொன்னால் 31. ஆக, கம்பெனியே 31 இஞ்ச் டயர் கொடுத்துத்தான் அனுப்புகிறது. பலருக்கு இதுவே தெரியாது.

33 இஞ்ச் டயர் என்றால் 838 மி.மீ. வித்தியாசம் 49. ஆனால் அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். எனவே அச்சு உயர்வது அதில் பாதி, சுமார் 25 மி.மீ., ஒரு இஞ்ச். அவ்வளவு செலவுக்கும் பின் ஹவுசிங்குக்குக் கீழே கிடைத்தது அந்த ஒரு இஞ்ச்தான்.

"அப்போ லிஃப்ட் போட்ட மூணு இஞ்ச் எங்கடா போச்சு?" என்று அண்ணனும் கேட்டார். அது பாடிக்குப் போய்விட்டது. தாரின் பின்பக்கம் இருப்பது முழு அச்சு. நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே, கிரவுன் பினியன் இருக்கும் ஹவுசிங், அது ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறது. ஸ்பிரிங்குக்கு மேலே என்ன வைத்தாலும் அதற்குச் சம்பந்தமில்லை. மூன்று இஞ்ச் இல்லை, முப்பது இஞ்ச் தூக்கினாலும் பாறையில் இடிக்கும் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான்.

லிஃப்ட்டால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டாமல் இருக்கவும், முன் பம்பர் சரிவில் இடிக்காமல் இருக்கவும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கவும் லிஃப்ட் உதவும். ஆனால் இதே தார் கம்பெனியிலிருந்து வரும்போதே 226 மி.மீ. தரை இடைவெளியும், முன்னால் ஏறும் கோணம் சுமார் 42 டிகிரியும், பின்னால் இறங்கும் கோணம் சுமார் 37 டிகிரியும் கொண்டது. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், 42 டிகிரி சரிவில் கடைசியாக எப்போது ஏறினீர்கள்?

இனி, இந்த ஒரு இஞ்சுக்குக் கொடுத்த விலை. பணத்தைச் சொல்லவில்லை.

முதலாவது பிரேக். சக்கரத்தின் விட்டம் ஆறு சதவீதம் கூடினால், அதே பிரேக் தரையில் கொடுக்கும் பிடி ஆறு சதவீதம் குறையும். இழுவைக்கும் இதே கதிதான், கியர் எல்லாம் ஆறு சதவீதம் நீண்டுவிடும். ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 64-ல் போகும். இதோடு ஒவ்வொரு சக்கரத்திலும் பல கிலோ எடை கூடுகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் எடையை நிறுத்துவது சும்மா கிடக்கும் எடையை நிறுத்துவதைவிடக் கஷ்டம். போடிமெட்டு வளைவில் வண்டி ஏன் தள்ளிப்போய் நின்றது என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது சாய்வு. ஒரு கணக்குக்கு, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 150 செ.மீ., எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இந்த வண்டி பக்கவாட்டில் 47 டிகிரி சாயும்வரை கவிழாது. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து எடை மையத்தை 9 செ.மீ. உயர்த்தினால் அது 43½ டிகிரியாகிறது. ஸ்பிரிங் அமுங்குவதையும் சேர்த்தால் நிஜத்தில் இரண்டுமே இன்னும் குறையும். மூன்றரை டிகிரிதானே என்று தோன்றும். ஏலக்காய் மூட்டையை மேலே கட்டிக்கொண்டு, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த மூன்றரை டிகிரியின் அருமை தெரியும்.

மூன்றாவது மூட்டுகள். தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் இரண்டு முனையிலும் மூட்டு வைத்துத்தான் வேலை செய்கிறது. பாடியைத் தூக்கினால் ஷாஃப்ட் சாய்கிறது, மூட்டு எப்போதும் வளைந்தே சுற்றுகிறது. ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியே வரும், மணல் உள்ளே போகும். அண்ணன் வண்டியில் ஏழே வாரத்தில் கிழிந்தது. போட்டுக்கொடுத்த கடையில் கேட்டால், "ஆஃப்-ரோடுன்னா அப்படித்தான் சார்" என்றார்களாம். அந்த வண்டி அதுவரை ஆஃப்-ரோடே போனதில்லை!

இதில் மோசமானது ஸ்பேசர் லிஃப்ட். ஸ்பிரிங்குக்கோ ஷாக் அப்சார்பருக்கோ மேலே ஒரு வில்லையைச் சொருகிவிடுவது. சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் இதனால் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. உயரம் மட்டும் கூடும். கரடுமுரடான பாதையில் நமக்கு வேண்டியது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே இருப்பது. அதற்கு நல்ல ஸ்பிரிங்கும், அதற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பரும் வேண்டும். வில்லை என்பது குட்டையானவன் ஹீல்ஸ் போட்டுக்கொள்வது மாதிரி. கை நீளாது.

"அமெரிக்காக்காரன் 35, 37 எல்லாம் போடறானே?" என்று அடுத்த கேள்வி வரும். போடுகிறான். யூட்டாவில் மோவாப் பாறைகளில் ஏற அது தேவை. ஆனால் அவன் அதோடு என்னென்ன மாற்றுகிறான் என்றும் பாருங்கள். 2021-ல் ஜீப் கம்பெனியே ரேங்லர் ரூபிகானுக்கு 35 இஞ்ச் டயருடன் எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் தூக்கியது ஒன்றரை இஞ்ச்தான். கூடவே அச்சின் கியர் விகிதத்தை 4.10-லிருந்து 4.56-ஆக மாற்றினார்கள். செய்தவனே 35-க்கு ஒன்றரை இஞ்ச் போதும் என்கிறான், கியரை மாற்றாமல் டயரை மாற்றாதே என்கிறான். நம் ஊர்க் கடைக்காரர் 33-க்கு மூன்று இஞ்ச் தூக்கிவிட்டு, கியரைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஊர்ப்பக்கம் கொழுக்குமலை இருக்கிறது. சுமார் 7,900 அடி. மலை தேனி மாவட்டம், ஜீப் பாதை கேரளாவின் சூரியநெல்லி வழியாக. பாதை என்பதே மரியாதைக்குச் சொல்வது, வெறும் கல். நான் போன ஜீப் பழைய மகிந்திரா. பட்டை ஸ்பிரிங், ஒல்லியான டயர், கம்பெனி உயரம். டிரைவர் அண்ணனிடம் லிஃப்ட் போடவில்லையா என்று கேட்டேன். "உசரம் எதுக்கு தம்பி? கல்லு எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார். அவருக்கு அந்தப் பாதை தினமும் சோறு போடுகிறது. நமக்கு வருஷத்தில் இரண்டு நாள் போட்டோ எடுக்க.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் பிடிக்காது என்கிறீர்களா? இருக்கலாம். ஆனால் விபத்து நடந்த மறுநாள் இன்சூரன்ஸ் ஆள் டேப்பை எடுத்துக்கொண்டு வருவார்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. என்னைக் கேட்டால் வரிசை இதுதான்.

முதலில் உங்கள் பாதையை எழுதுங்கள். பத்தில் ஒன்பது நாள் தார் ரோடு என்றால் அந்த ஒன்பது நாளுக்குத்தான் வண்டி. அடுத்து, அதே அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர். சேற்றிலேயே கிடப்பவர்களுக்கு மட்டும் மட்-டெரெய்ன், ஏனென்றால் அது மழை ரோட்டில் வழுக்கும், இரைச்சல் போடும். மூன்றாவது, காற்று. மண்ணிலும் மணலிலும் 30-லிருந்து 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிப் பாருங்கள். டயர் தரையில் நீளமாகப் படிந்து, எந்த லிஃப்ட்டும் தராத பிடியைக் கொடுக்கும். செலவு ஒரு சின்ன கம்ப்ரஸர், ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப ஏற்றுவதற்கு. இத்தனைக்குப் பிறகும் வயிறு தட்டுகிறது, டயர் உரசுகிறது என்றால், அப்போது சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த சின்ன லிஃப்ட்டைப் பற்றிப் பேசலாம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி, எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் அண்ணனிடம் காகிதத்தில் போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிதான்டா, ஆனா பழைய டயரைப் போட்டா வண்டி உட்கார்ந்த மாதிரி இருக்குமே" என்றார். அதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை.

வண்டி இன்னும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. அப்பத்தா போன வாரம் தோட்டத்துக்கு பஸ்ஸில் போய்வந்தாராம்.

டிஸ்கி: அண்ணே, இதைப் படித்தால் கோபப்படாதீங்க. ஸ்டூலை மட்டும் வண்டியிலேயே வைச்சிருங்க.