முதல் தேதியிலா மூட்டையை அவிழ்ப்பது?

போன மாதம் 1ஆம் தேதி கண்டாச்சிபுரத்தில் பென்ஷன் எடுக்கப் போனேன். வங்கியின் பெயர் வேண்டாம். "புது சாஃப்ட்வேர் ஏத்தறாங்க சார், சாயந்திரம் வாங்க" என்றார் கவுண்டரில் இருந்த பெண். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, மாத்திரை வாங்கப் பணம் எடுக்க டவுன் பஸ்ஸில் வந்தவர். பஸ் இலவசம்தான், ஆனால் அவர் ஊருக்கு அடுத்த பஸ் எப்போதோ!

நானும் சர்வரில் மென்பொருள் ஏற்றிப் பிழைத்தவன்தான். ஜாவாவில் எழுதிய பெரிய அப்ளிகேஷனைக் கட்டுச்சோற்று மூட்டை மாதிரி இ.ஏ.ஆர். என்ற ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புவோம். 2003இல் வந்த ஜே2இஇ 1.4இல் இதற்கென்றே ஒரு ஏ.பி.ஐ. இருந்தது. அதில் மூட்டையை சர்வருக்கு அனுப்ப ஒரு கட்டளை, அதை ஓடவிட வேறொரு கட்டளை. நிறுத்தவும் நீக்கவும் தனித்தனிக் கட்டளைகள். பகலில் அனுப்பி வைத்துவிட்டு ராத்திரி 2 மணிக்கு ஓடவிடலாம். அந்த ஏ.பி.ஐ. இப்போது வழக்கில் இல்லை. வேறு கருவிகள் இதையே இன்னும் சுலபமாகச் செய்கின்றன.

ஆகவே தொழில்நுட்பத்தின் மேல் பழி போடாதீர்கள். தேதி குறித்தவர் பென்ஷன் வரிசையைப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். 2025இல் அஞ்சல் துறை புது மென்பொருளுக்கு மாறியபோது, இன்ன நாளில் பரிவர்த்தனை கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். இங்கேயும் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம்.