நிரலுக்கு நிலையான இடம்

ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், 2004-ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர், 2007 முதல் சுனாமி எச்சரிக்கைப் பணியையும் ஆற்றி வருகின்றது. மீனவர்க்கு அலைநிலையையும் முன்னறிவிக்கின்றது. இத்தகைய பணியில் கணக்கு சரியாயிருந்தால் மட்டும் போதாது. உரிய காலத்தில் முடியவும் வேண்டும்.

இக்காலச் செயலியில் ‘கோர்’ எனப்படும் கணிப்பு அலகுகள் பல உள. கடலைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு கோர் கணிக்கும். ஒன்று பிந்தினும் மற்றவை காத்திருக்க நேரும். இயங்குதளமோ நிரல்களை அவ்வப்போது கோர் விட்டுக் கோர் மாற்றும். அப்போது பழைய கோரின் அண்மை நினைவகத்தில் சேர்ந்த தரவை மீண்டும் கொணர வேண்டியதாகின்றது. லினக்ஸில் ‘டாஸ்க்செட்’ முதலிய கட்டளைகளால் நிரலைக் குறித்த கோரிலேயே நிறுத்தலாம். நெடுநேரக் கடற்கணக்குகளுக்கு இம்முறை ஏற்றது என்பது எம் கருத்து.

ஆயினும் இதனை எல்லாக் கணினிகட்கும் விதியாக்குதல் தகாது. இரு நிரல்களை ஒரே கோரில் கட்டினால், ஏனைய கோர்கள் வாளாவிருக்க, வேலை தாமதமாகும். அலுவலகக் கணினிக்கு இயங்குதளத்தின் தீர்மானமே போதும். ஆசிரியர்கள் ஒரே கணக்கை இருவகையிலும் பன்முறை ஓட்டி, நேரத்தை அளந்து மாணவர்க்குக் காட்டுவாராக. அளந்த பின்னரே கட்டுதல் முறையாகும்.