கடல் கடந்த இணையமும் விரலளவு அட்டையும்

சென்னையிலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல், முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தை அடைய ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். ஆனால், சென்னையில் இருக்கும் பாட்டியின் குரல் ஒரு நொடிக்குள் தீவை எட்டிவிடுகிறது. இதற்குக் காரணம் கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழை வடம்.

முன்பு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அதன் வேகம் மிகக் குறைவு. 2020 ஆகஸ்டு 10 அன்று, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில் உருவான அவ்வடம், சென்னையைத் தலைநகரோடும், தலைநகரைக் கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளோடும் இணைத்தது.

அத்தனை தொலைவு கடந்து வரும் இணையம், சில வீடுகளில் கடைசி ஓரடியில் நின்றுவிடுகிறது. மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை பழுதாவதே அதற்கு ஒரு காரணம். இன்று பரவலாக உள்ள ஒருவகை அட்டையின் அகலம் 22 மில்லிமீட்டர். நீளம் 30 மில்லிமீட்டர். இச்சிறு பொருள் பழுதானவுடன், "கணினியே கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று முடிவு செய்வோர் பலர். அம்முடிவு தவறானது.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் வழி. அது கணினிக்கும் பொருந்தும். வீட்டிலுள்ள கைப்பேசிக்கு இணையம் கிடைத்து, மடிக்கணினிக்கு மட்டும் கிடைக்காவிட்டால், குறை மடிக்கணினியில் இருக்கலாம். முதலில் அதன் இயக்கி மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் இணைப்பு வராவிட்டால் அட்டையை ஐயுறலாம்.

அட்டையை மாற்றுவது அரிய வித்தையன்று. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பின், பெரியவர் ஒருவரின் துணையோடு இதனைச் செய்யலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, அடிமூடியைத் திறந்து, மின்கலத்தின் இணைப்பையும் கழற்ற வேண்டும். உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் பெரும்பாலும் இரண்டு மெல்லிய அலைவாங்கிக் கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொண்டு, அவற்றை நேராக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். ஒரே ஒரு திருகை நீக்கினால் அட்டை வெளியே வந்துவிடும். புதிய அட்டையைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தித் திருகினால் போதும். கம்பிகளை மீண்டும் பொருத்த மறக்கலாகாது. புதிய அட்டைக்குரிய இயக்கியை முன்னரே வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்திருப்பது அறிவுடைமை. இணைப்பே இல்லாத கணினியில் அதனை எப்படி இறக்க இயலும்?

"யு.எஸ்.பி. முனையில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கினால் போதாதா?" என்று சிலர் கேட்பர். போதும், அவசரத்திற்கு அதுவும் நல்ல வழியே. எவ்வழியாயினும், ஓர் உறுப்பின் பழுதுக்காக முழுக் கணினியையும் எறியாதிருப்பதே முதன்மையானது.

எனினும் எல்லாக் கணினிகளிலும் இது இயலாது. சில மெல்லிய மடிக்கணினிகளில் அட்டை தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டுள்ளது. சில அட்டைகள் குறிப்பிட்ட செயலிகளோடு மட்டுமே இயங்கும். மெல்லியதாய் அமைப்பதற்காக இவ்வாறு செய்வதாக நிறுவனங்கள் கூறலாம். ஆனால், அம்மெலிவின் விலையைப் பின்னாளில் செலுத்துபவர் வாங்கியவரே. பிரான்சு நாட்டில் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் குறிக்கப்படுகிறது. இந்தியாவிலும் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. இவ்வுரிமை பெருநகரங்களைக் காட்டிலும் தீவுகளுக்கே மிகுதியாகத் தேவை. இங்கு உதிரிப்பொருளும் கடல் கடந்தே வரவேண்டும். எறியப்படும் மின்கழிவோ எளிதில் கடல் கடந்து போவதில்லை. 2022ஆம் ஆண்டில் உலகில் உருவான மின்கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே.

ஆகவே, கணினியை இயக்கக் கற்பிக்கும் பள்ளிகள், அதனைத் திறந்து பார்க்கவும் கற்பிக்க வேண்டும். பயன்படாத பழைய மடிக்கணினி ஒன்றும் ஒரு திருப்புளியும் இருந்தால் அப்பாடத்தைத் தொடங்கிவிடலாம். பழுதைக் கண்டு அஞ்சாத பிள்ளை, பொருளின் அருமையையும் உழைப்பின் அருமையையும் ஒருங்கே அறியும்.