அடுத்தாள் எங்கே?

காயம்பட்டவனைக் கொண்டாடுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஒருவன் மைதானத்தில் நொண்டினால் போதும், கைதட்டல் வானைப் பிளக்கிறது. அந்தக் கைதட்டலுக்கு நான் எதிரி. இதனால் சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

இந்த வழக்கில் எல்லோரும் சாட்சிக்கு இழுத்து வருகிறவர் ஜர்னைல் சிங். 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தாய்லாந்துடன் ஆடியபோது அவர் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தலையோடு அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதியாட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். 2-1 என்று தங்கம் வந்தது. பயிற்சியாளர் ரஹீமைப் பற்றி 2024-இல் 'மைதான்' என்று இந்திப் படமே வந்துவிட்டது. (தலையில் அடிபட்டவனை மறுபடி பந்தை முட்ட விடுவதை இன்றைய வைத்தியர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.)

கதை சொல்கிறவர்கள் ஒன்றை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். ஜர்னைல் சிங் முன்வரிசைக்காரர் அல்லர். கோலுக்கு முன்னால் சுவராக நின்ற ஸ்டாப்பர். சுவரில் விரிசல் கண்டதும் ரஹீம் அதன்மேல் சுண்ணாம்பு பூசவில்லை. அவரைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் நிறுத்தினார். பின்வரிசையை அருண் கோஷ் முதலானவர்கள் தாங்கினார்கள். முன்னால் நிற்பவன் ஒரு பந்தைத் தவறவிட்டால் இன்னொரு பந்து வரும். பின்னால் நிற்பவன் அரை நொடி தயங்கினால் வலை குலுங்கும். ரஹீமிடம் அருண் கோஷ் இருந்தார், அதுவல்லவா சேதி! கட்டுத்துணியிலா இருக்கிறது?

பின்காப்பு என்பது நான்கு பேர் தனித்தனியாக நிற்பதல்ல. யார் ஏறிப் போவது, யார் அவன் விட்ட இடத்தை மூடுவது, எப்போது வரிசையை முன்னே நகர்த்தி எதிரியை ஆஃப்சைடில் மாட்டவைப்பது எல்லாம் ஒருவனுடைய குரலில் நடக்கிறது. அந்தக் குரல் போனால் மீதி மூவரும் பாதி ஆளாகிவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் லிவர்பூல் அணியின் வான் டைக் முழங்கால் நார் அறுந்து வெளியேறினார். பின்னாலேயே கோமஸ், மாட்டிப். நடுவரிசையிலிருந்து ஃபபீன்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னுக்கு இழுத்தார்கள். ஓட்டை அடைபட்டதா? நடுவில் புதிதாக ஒன்று விழுந்தது. முந்திய பருவத்துச் சாம்பியன், சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களைத் தோற்றது.

லிவர்பூலுக்காவது மூவர் போனார்கள். நமக்கு ஒருவர் போனால் போதும். 2019 செப்டம்பரில் ஆசியச் சாம்பியனான கத்தாரை அதன் மண்ணிலேயே 0-0 என்று தடுத்தோம். பின்வரிசைக்கு ஆணிவேர் சந்தேஷ் ஜிங்கன். அக்டோபரில் அவருக்கு முழங்கால் போயிற்று. சில நாட்களில் கல்கத்தாவில் வங்காளதேசத்திடம் கோல் வாங்கி, 88-ஆவது நிமிஷத்தில்தான் சமன் செய்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். 2024 ஜனவரியில் சிரியாவுடன் ஆடும்போது மறுபடி அவருக்குக் காயம். மார்ச் 26-ஆம் தேதி கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஒரு கோல் முன்னே நின்றோம். கடைசி இருபது நிமிஷத்தில் இரண்டு வாங்கித் தோற்றோம். கணக்குப் பாருங்கள்: முடிவில் நமக்கு 5 புள்ளி, குவைத்துக்கு 7. அன்று வென்றிருந்தால் நமக்கு 8. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குப் போயிருப்போம்.

உடனே கிளம்பியது புலம்பல்: "ஜிங்கன் இருந்திருந்தால்!" இந்த 'இருந்திருந்தால்' மீதுதான் எனக்கு ஆத்திரம். 2019-இல் அடித்த மணிக்கு 2024 வரை யாரும் எழுந்திருக்கவில்லையே? "அவனுக்கு ஈடு எங்கே கிடைப்பான்?" என்கிறார்கள். ஈடு யார் கேட்டது? அவன் பக்கத்தில் நின்று ஆடிப் பழகிய ஒருவனைத்தான் கேட்கிறேன்.

இதைச் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு எழுத வேண்டியிருப்பது வேடிக்கை. ரங்கூனிலும் மலேயாவிலும் இந்தச் சீமையார் கடை நடத்தியபோது ஏஜெண்டுக்குக் கீழே 'அடுத்தாள்' என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஏஜெண்டு காய்ச்சலில் படுத்தால் கடையைப் பூட்டுவதில்லை. அடுத்தாளுக்குக் கணக்கும் தெரியும், கடன்காரன் முகமும் தெரியும். வட்டிக் கடைக்கு இருந்த யோசனை, அந்தப் பேரன்மார் நடத்தும் பந்தாட்டத்துக்கு வேண்டாமா?

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வாருங்கள். அங்கே விழுப்புண்ணுக்கு நானும் கைதட்டுகிறேன். மாட்டின் முன்னால் நிற்பவன் பணயம் வைப்பது தன் உடம்பை. நொண்டிக்கொண்டு ஸ்டாப்பராக நிற்பவன் பணயம் வைப்பது மற்றப் பத்துப் பேரின் உழைப்பை. கூடவே தன் முழங்காலை, அதாவது நாளைய ஜீவனத்தை.

காரைக்குடிப் பக்கத்தில் அண்மையில் ஓர் இறுதியாட்டம் பார்த்தேன். வீங்கிய முழங்காலில் குளிர்மருந்தைப் பீய்ச்சி ஒரு பையனைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். அவனைச் சுற்றிப்போய் இரண்டு கோல் அடித்தார்கள். தோற்ற பிறகு அவனுக்கு மாலை, மேடை, சிறப்புப் பரிசு. பெஞ்சியில் காலணி முடிச்சை இறுக்கிக்கொண்டு, கூப்பிடுவார்களா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான் இன்னொரு பையன். அவன் பெயர் என்ன என்று அமைப்பாளரிடம் கேட்டேன். பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.