‘ஷல்’ உங்களுக்கு, ‘மே’ கம்பெனிக்கு: கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டிய குட்டிச் சொற்கள்

ஆஃபர் லெட்டர் வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது சம்பளத்தைத்தான். அடுத்து, சேர வேண்டிய தேதி. மீதிப் பக்கங்களை விரலால் தள்ளிவிட்டு கையெழுத்து போட்டுவிடுவோம். அந்த மீதிப் பக்கங்களில்தான் ‘ஷல்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘வில்’ எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பள்ளியில் ‘மோடல் வெர்ப்ஸ்’ என்று அட்டவணை போட்டுப் படித்தோமே, அதேதான்.

இரண்டு வரிகளைப் பாருங்க. ‘எம்ப்ளாயி ஷல் சர்வ் 90 டேஸ் நோட்டீஸ்.’ ‘கம்பெனி மே பே எ பெர்ஃபாமன்ஸ் போனஸ்.’ முதல் வரிப்படி நீங்கள் 90 நாள் இருந்தே ஆகணும். இரண்டாவது வரிப்படி கம்பெனி போனஸ் தரலாம், தராமலும் இருக்கலாம். தராவிட்டால் சொன்ன சொல்லை மீறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஏன்னா, அவர்கள் சொல்லே கொடுக்கவில்லை.

இதை இலக்கணப் பாடம் என்று ஒதுக்குவது தப்பு. கடமை யாருக்கு, சலுகை யாருக்கு என்று பிரிக்கிற கோடு இது.

நாடாளுமன்றம் வரை போன ஒரு ‘மே’

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 1963-ல் ஆட்சிமொழிச் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு அரசியலமைப்பு கொடுத்திருந்த 15 ஆண்டு அவகாசம் 1965 ஜனவரி 26-ல் முடியவிருந்தது. அதற்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர வழி செய்வதுதான் மசோதாவின் நோக்கம். ஆனால் 3-வது பிரிவில், ஆங்கிலம் தொடர ‘மே’ என்றுதான் எழுதியிருந்தார்கள்.

‘மே’ என்பதை நாளைக்கே ‘மே நாட்’ என்று யாராவது படித்தால் என்ன செய்வது என்று திமுக எதிர்த்தது. இந்த இடத்தில் ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் ஒன்றுதான் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்றால் ‘ஷல்’ என்றே எழுதலாமே என்று திமுக திருப்பிக் கேட்டது. மாநிலங்களவையில் எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் அண்ணா. ஆனாலும் மசோதா ‘மே’யுடனேயே நிறைவேறியது.

அடுத்த ஆண்டே நேரு காலமானார். உறுதி சொன்னவர் இல்லை. சட்டத்தில் ‘மே’ மட்டும் இருந்தது. 1965-ல் தமிழ்நாடு கொந்தளித்தது. 1967-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு ஆங்கிலத்தில் தொடர்புகொள்ள வேண்டும் என்ற இடத்தில் ‘ஷல்’ வந்து உட்கார்ந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வாயால் சொன்ன விளக்கம், சொன்னவரோடு போய்விடும். ‘அது சும்மா ஃபார்மாலிட்டி, போனஸ் கண்டிப்பா வரும்’ என்று போனில் சொல்லும் ஹெச்.ஆர். அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் இருப்பார். காகிதத்தில் இருக்கும் ‘மே’ அங்கேயேதான் இருக்கும்.

நமக்கு ஏன் வழுக்குது?

தமிழில் ஒரே ‘லாம்’ பல வேலை பார்க்கிறது. ‘நீங்க போகலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் வாய்ப்பு. ‘வாங்க, போகலாம்’ என்றால் அழைப்பு. ‘ணும்’ கதையும் அதேதான். ‘வரி கட்டணும்’ கட்டாயம், ‘தண்ணி நிறைய குடிக்கணும்’ அறிவுரை. இரண்டுக்கும் ஒரே விகுதி. பேசும்போது குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும், நமக்குக் குழப்பம் இல்லை.

ஆங்கிலம் இதையே தனித்தனிச் சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மெயிலில் குரலும் இல்லை, முகமும் இல்லை. சொல் ஒன்றுதான் மிச்சம்.

போதாக்குறைக்கு, ‘கேன்’ நிகழ்காலம், ‘குட்’ இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்துவிட்டோம். ‘குட் யூ செண்ட் தி ஃபைல் டுமாரோ?’ என்பதில் எங்கே இறந்தகாலம்? அது பணிவு. அதேபோல ‘ஐ வுட் செண்ட் தி ரிப்போர்ட்’ என்று மரியாதைக்காக எழுதுகிறோம். வெளிநாட்டு கிளையன்ட் அதைப் படித்துவிட்டு, ‘அனுப்புவேன், ஆனால்...’ என்று ஏதோ நிபந்தனை இருப்பதாக நினைத்துக்கொள்வார். நாளைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ‘ஐ வில்’ போதும்.

ஐ.டி.க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்

இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்கள் இந்தக் குழப்பத்தை 1997-லேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 2119 என்ற சின்ன ஆவணம், ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கே இல்லை, ‘ஷுட்’ என்றால் தகுந்த காரணம் இருந்தால் விளைவை யோசித்துவிட்டு விலகலாம், ‘மே’ என்றால் முழுக்க உங்கள் விருப்பம் என்று வரையறுத்தது. இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளவே இவ்வளவு தெளிவு தேவைப்படுகிறது. நம் வேலை ஒப்பந்தத்துக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் இதில் பாதி தெளிவாவது வேண்டாமா?

‘பிரச்சினை வந்தா கோர்ட் பார்த்துக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. சூழலையும் நோக்கத்தையும் பார்த்து, சட்டத்தில் உள்ள ‘மே’யை ‘ஷல்’ என்று நம் நீதிமன்றங்கள் படித்ததுண்டு. ‘ஷல்’லைக் கட்டாயமில்லை என்று படித்ததும் உண்டு. ஆனால் ஒரு சொல்லுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பதைவிட, கையெழுத்துக்கு முன் ஒரு மெயில் போடுவது எவ்வளவோ மேல்.

என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஒப்பந்தம் கையில் வந்தால், ‘ஷல்’, ‘மஸ்ட்’ எல்லாவற்றையும் ஒரு கலரிலும், ‘மே’யை இன்னொரு கலரிலும் ஹைலைட் பண்ணுங்க. முதல் கலர் முழுக்க உங்கள் பக்கமும், இரண்டாவது கலர் முழுக்க அவர்கள் பக்கமும் விழுந்தால், அது சமமான ஒப்பந்தம் இல்லை. வாய்மொழியாகச் சொன்ன போனஸோ, அட்வான்ஸ் திருப்பித் தருவதோ எதுவானாலும், ‘இந்த இடத்தில் மே-க்குப் பதில் ஷல் போட முடியுமா?’ என்று எழுத்தில் கேளுங்க.

மாட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் லாபம் உங்களுக்குத்தான். அந்த போனஸை நம்பி இ.எம்.ஐ. எடுக்கக் கூடாது என்று கையெழுத்துக்கு முன்பே தெரிந்துவிடுமே!