வென்டிலேட்டர், எக்மோ இருந்தும் சிலரைக் காப்பாற்ற முடியாதது ஏன்? பூச்சிமருந்து விஷமும் சிகிச்சையும்

பூச்சிமருந்து விஷத்தோடு ஐசியூவுக்கு வரும் ஒருவர், பல நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு நடந்தே வீடு திரும்புகிறார். இன்னொருவர் முதல் நாள் தெளிவாகப் பேசுகிறார். சில வாரங்களில் இறந்துபோகிறார். ஒரே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்கள். உடம்புக்குள் போனது எவ்வளவு என்பதோடு, எந்த மருந்து என்பதும் முக்கியம்.

ஆர்கனோபாஸ்பேட் என்ன செய்யும்?

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் இந்த வகைதான். நரம்பு சிக்னலை நிறுத்தும் நொதியை இவை முடக்கிவிடும். எச்சில் வடியும், நுரையீரலில் நீர் சுரக்கும், மூச்சுத் தசைகள் தளரும். அட்ரோபின் ஊசி நீரை வற்றவைக்கும். ஆனால் தசைத் தளர்ச்சியைச் சரிசெய்யாது. அதற்குத்தான் வென்டிலேட்டர். தேறிவிட்டார் என்று நினைக்கும்போது, 2 முதல் 4 நாளுக்குள் மூச்சு மறுபடி தளரலாம். ‘இப்போ நல்லா இருக்காரே’ என்று அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. மூச்சைத் தாங்கிப் பிடித்தால், உடல் அந்த நொதியைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும்.

பாராக்வாட் ஏன் வேறு?

இந்தக் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. நுரையீரலில் சேர்ந்து, அங்குள்ள ஆக்சிஜனைக் கொண்டே திசுவைச் சிதைக்கும். கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் பாதிப்பு அதிகமாகலாம் என்பதால் டாக்டர்கள் தயங்குவார்கள். எக்மோ, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின். நுரையீரல் மீளும் என்றால்தான் அதற்குப் பலன். தழும்பேறிய நுரையீரல் மீளாது. மாற்று அறுவை சிகிச்சை வெகு சிலருக்கே சாத்தியம்.

அப்போ தீர்வு?

ஐசியூவுக்கு வெளியே இருக்கிறது. இலங்கை 1995-ல் மோனோகுரோட்டோபாஸையும், 2008-ல் தொடங்கி பாராக்வாட்டையும் படிப்படியாக நிறுத்தியது. இருபது ஆண்டுகளில் அங்கு தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கேரளம் 2011-லேயே பாராக்வாட்டைத் தடைசெய்தது. மத்திய அரசு 2023-ல் மோனோகுரோட்டோபாஸை நிறுத்த உத்தரவிட்டது, பாராக்வாட்டைத் தொடவில்லை. மெஷினால் மீட்க முடியாத விஷம் கடையில் கிடைக்க வேண்டுமா என்பதை அரசுதான் முடிவு செய்ய வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது: 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, தோலைக் கழுவுங்கள். டப்பாவையோ லேபிளையோ கையோடு எடுத்துப்போங்கள். என்ன சிகிச்சை என்பதை முடிவு செய்ய அது உதவும்.

(மன உளைச்சலா? தனியாகச் சுமக்க வேண்டாம். டெலி மனஸ் 14416, தமிழக அரசின் 104 எண்களில் எந்நேரமும் பேசலாம்.)